மாவு மலையைச் சுட்ட சம்பந்தியம்மா

ஹாரன்காரர் வாயைத் திறந்தால் ஊர் காதைப் பொத்திக்கொள்ளும். சுரங்கத்தின் மதிய பஸ்ஸை ஓட்டுகிறவர் அவர். பஸ்ஸின் ஹாரன் செத்துப் பல வருஷமாகியும் புதுசு மாட்டித் தரச்சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை. தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி "ஓரம் போ!" என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும். எதிரே வரும் லாரி ஓரம் போகும். லாரிக்குப் பின்னால் வரும் சைக்கிள் வாய்க்காலுக்குள்ளேயே போகும். மேலே போய்க்கொண்டிருந்த மேகம்கூட ஒரு முழம் தள்ளி நின்று, அவர் போனபிறகுதான் பெய்யும் என்று பேச்சு. அவரிடம் ஒரு ரகசியத்தைச் சொன்னால் மூன்று தெருவுக்கும் சேர்த்துச் சொன்னதாக அர்த்தம்.

அந்தத் தொண்டைதான் அவர் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தது.

பஸ்ஸுக்கு அவர் வைத்த பெயர் மகாராணி. கல்யாணமான புதிதில் மனைவியைக்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்த அம்மாவுக்கு இன்னமும் அந்த வருத்தம் உண்டு. குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போக, கடைக்குப் போக, வெளியே படிக்கும் பிள்ளைகளைப் பார்த்துவர, எல்லாவற்றுக்கும் மகாராணி ஒருத்திதான் கதி. அப்படிப்பட்ட பஸ்ஸைத்தான் மேனேஜர் ஒருநாள் கூட்டத்தில் எழுந்து ஒரே வரியில் முடித்துவிட்டார்.

"அடுத்த மாசத்திலேர்ந்து மதிய வண்டிக்கு டீசல் கிடையாது. மேலிடத்து உத்தரவு. டிரைவர் பயப்பட வேண்டாம், அவருக்கு வேலை போகாது. டோக்கன் ரூம்ல உட்கார்ந்து, சுரங்கத்துல இறங்கறவங்களுக்கு டோக்கன் கொடுக்கலாம்."

டோக்கன் ரூம் என்பது ஒரு ஆள் கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுப்படுகிற பொந்து. அங்கே உட்கார்ந்து ஹாரன்காரர் ஒரு தடவை தும்மினால் கூரை போய்விடும். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், மனைவி கொடுத்த காபியைக் குடிக்காமல், காபியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, உங்க வாயிலேர்ந்து அரைமணி நேரமா ஒரு சத்தத்தையும் காணோமே, உடம்புக்கு என்ன?" என்றார் மனைவி. "எதிர்வீட்டுச் சம்பந்தியம்மாகூட ஜன்னல்ல எட்டிப் பார்த்துட்டாங்க. கரண்டு போயிடுச்சான்னு கேக்கறாங்க."

எதிர்வீட்டுச் சம்பந்தியம்மா, ஹாரன்காரரின் மருமகளைப் பெற்றவர். கல்யாணம் முடிந்த கையோடு பிள்ளையும் பெண்ணும் வேறு ஊரில் வேலை பார்க்கப் போய்விட்டார்கள். எதிரெதிர் வாசலில் சம்பந்திகள் மட்டும் மிச்சம். சம்பந்தியம்மாவுக்குச் சுரங்கத்து லேபில் வேலை. தோண்டியெடுக்கிற கல்லில் இரும்பு எவ்வளவு, வெறும் கல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வார். கல்லையே அப்படிப் பிரிக்கிறவர் மனுஷரை விடுவாரா?

மறுநாள் லேபுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். மேஜைமேல் ஒரு கிண்ணத்தில் வெள்ளைப் பொடி, ஒரு பாட்டிலில் கேன்டீனில் பொரித்துப் பொரித்துக் கறுத்த எண்ணெய்.

"சம்பந்தி, இது என்னன்னு தெரியுதா?"

"இது தெரியாதா? மாவு மலை. தினம் என் சட்டையில அரைக் கிலோ வருதே!"

மாவு மலை என்றால் நிஜ மலை இல்லை. இரும்புக் கல் அடியில் கிடக்கிறது. அதன்மேல் போர்வை போர்த்தியதுபோல வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. அந்தப் பாறையை வெட்டிப் பொடித்து ஒதுக்குப்புறமாகக் கொட்டிக் கொட்டி, அது வளர்ந்து வளர்ந்து, இப்போது சூரியனே குவார்ட்டர்ஸுக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வரும் அளவுக்கு நிற்கிறது. காற்றடித்தால் அத்தனையும் வீட்டுக்குள். ஒருத்தர் ஆசையாகக் கறுப்பு நாய் வாங்கினார். மறுநாள் விடிந்தபோது அது வெள்ளை நாய். நாய்க்கே சந்தேகம் வந்து கண்ணாடியைப் பார்த்துக் குரைத்ததாம்.

"இந்த மண்ணை நல்லாச் சுட்டா வினையூக்கி ஆயிடும்" என்றார் சம்பந்தியம்மா. "அதை வச்சு இந்தப் பழைய எண்ணெயை டீசல் மாதிரி ஆக்கிடலாம். மகாராணி குடிச்சுட்டு ஓடுவா."

"வினையை ஊக்கறதா? இருக்கற வினை போதாதா சம்பந்தியம்மா?"

"ஐயோ சம்பந்தி! ஒரு தரகர்னு வச்சுக்குங்க. இங்க எண்ணெய் நிக்குது, அங்க மெத்தனால்னு ஒரு திரவம் நிக்குது. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு மூஞ்சி குடுத்துப் பேசாது. இந்தப் பொடி நடுவுல புகுந்து ரெண்டையும் சேர்த்து வைக்கும். வேலை முடிஞ்சதும் தான் ஒட்டாம, கரையாம, அடியில போய் உக்காந்துக்கும். அடுத்த கல்யாணத்துக்கும் அதையே கூப்பிடலாம்."

"கமிஷன்?"

"வாங்காது."

"அப்போ நம்ம பிள்ளைங்களுக்கு வந்த தரகரைவிட யோக்கியம்தான்." ஹாரன்காரர் கிண்ணத்தை இன்னொரு தடவை பார்த்தார். "சுடாமப் போட்டா?"

"பச்சை மண்ணு எண்ணெயில விழுந்தா மண்ணாங்கட்டி மாதிரி சும்மா கிடக்கும். எண்ணூத்தைம்பது டிகிரியில சுட்டாத்தான் அதுக்கு ரோஷம் வரும்."

ஹாரன்காரருக்கு வேதியியல் புரிந்ததோ இல்லையோ, ரோஷம் புரிந்தது. நேரே மேனேஜரிடம் போனார். கம்பெனி டீசல் ஒரு சொட்டு இல்லாமல் மகாராணி மேடேறிக் காட்டினால் மதிய பஸ்ஸை விடுவீர்களா என்று கேட்டார். மேனேஜர் அதைக் கேட்பதற்கு முன்னாலேயே பக்கத்துக் கட்டடம் கேட்டுவிட்டது. இத்தனை பேர் காதில் விழுந்தபிறகு மறுக்க முடியாமல், மாதக் கடைசிக்குள் ஓட்டிக் காட்டுங்கள், நானே ஏறி உட்காருகிறேன் என்று மேனேஜர் தலையாட்டினார்.

முதல் முயற்சி கேன்டீனுக்குப் பின்னால், பஸ் ஷெட்டில் நடந்தது. பெரிய டிரம்மில் எண்ணெயைச் சூடாக்கி, மெத்தனாலும் பொடியும் சேர்த்து, மூடிபோட்டுச் சுழலவிட்டார்கள். கேன்டீன் மாஸ்டர் எண்ணெயை வடிகட்டித்தான் கொடுத்தார். பாத்திரம் கழுவிய தண்ணீர் அதில் கலந்திருந்ததை மட்டும் சொல்ல மறந்துவிட்டார். இரண்டு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தால், உள்ளே கூழ். குச்சியை நட்டால் நிற்கிறது.

சம்பந்தியம்மா விரலில் தொட்டுத் தேய்த்தார். நுரைத்தது.

"சோப்பாயிடுச்சு. எண்ணெயில தண்ணி."

"சம்பந்தியம்மா, இதை ஊத்தினா வண்டி ஓடாது. குளிக்கும்."

"குளிக்கட்டுமே சம்பந்தி. நீங்க அவளைக் குளிப்பாட்டி எத்தனை மாசமாச்சு?"

அன்று மகாராணி குளித்த குளியல் ஒரு சரித்திரம். அழுக்குப் போய், அதற்கடியில் இருந்த பழைய பெயிண்ட் போய், அதற்கும் அடியில் இருந்த ஒரு பெயிண்ட் வெளியே வந்தது. பஸ் நீலம் என்று நம்பிக்கொண்டிருந்த ஊர், அது பச்சை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டது.

அடுத்தமுறை எண்ணெயைத் தண்ணீர் போகக் காய்ச்சி எடுத்தார்கள். அளவைக் குறைத்து ஒரு சின்னப் பாத்திரத்தில் செய்து பார்த்தார்கள். மறுநாள் காலையில் அது இரண்டாகப் பிரிந்து நின்றது. கீழே கெட்டியாகக் கரும்பழுப்பு. மேலே தேன் நிறத்தில், எழுத்தை வைத்தால் படிக்கலாம் போல ஒரு தெளிவு. சம்பந்தியம்மா அதைக் கழுவி, ஈரம் போகச் சுடவைத்து, ஒரு பழைய டீசல் பம்பில் ஊற்றினார். பம்பு ஒரு செருமல் செருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. ஹாரன்காரர் போட்ட சந்தோஷக் கூச்சலில் பம்பு பயந்து இன்னும் வேகமாக ஓடியது.

இனி டிரம் நிறையச் செய்யவேண்டியதுதான் பாக்கி. லேபும் ஒர்க்ஷாப் உலையும் சுரங்கத்து கேட்டுக்கு உள்ளே. பஸ் ஷெட் வெளியே. சம்பந்தியம்மா மாவு மலையை உலையில் சுட்டு, ஆறியும் ஆறாமலும் காற்றுப் புகாத டப்பாக்களில் அடைத்து, ஹாரன்காரர் கையில் ஒப்படைத்தார்.

"மூடியைத் திறக்கவே கூடாது சம்பந்தி. காத்துலேர்ந்து ஈரத்தை உறிஞ்சி செத்துப்போயிடும். கேட்டுல கேட்டா லேப் பவுடர்னு சொல்லுங்க. அதுக்குமேல ஒரு வார்த்தை பேசாதீங்க."

"நானா? நான் எங்க பேசறேன்?" என்றார் ஹாரன்காரர். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

கேட்டில் பாதுகாப்பு அதிகாரி நின்றிருந்தார். ஊர் அவருக்கு வைத்த பெயர் பூட்டு. தன் சாப்பாட்டு டப்பாவுக்கே பூட்டுப் போட்டவர். சாவியைத் தொலைத்துவிட்டு ஒருநாள் முழுக்கப் பட்டினி கிடந்தும், திருட்டுப் போகவில்லையே என்று திருப்தியாகத் தூங்கியவர். வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு திருடனாவது கிடைக்கமாட்டானா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தார்.

"என்னய்யா டிரைவர், டப்பா?"

"லேப் பவுடர் சார்."

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பெருமை என்று ஒன்று இருக்கிறதே, அது தொண்டைவரைக்கும் வந்துவிட்டால் ஹாரன்காரரால் விழுங்க முடியாது.

"சும்மா பவுடர் இல்ல சார்! எல்லாம் நம்ம மாவு மலையில சம்பந்தியம்மா சுட்டது! ரெண்டு நாளா ராப்பகலாச் சுட்டாங்க!"

சுரங்கத்தின் அடிமட்டத்தில் கல் வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது. பூட்டின் முகத்தில் பூ பூத்தது. விசிலை ஊதினார், கம்பத்தை இறக்கினார், டப்பாக்களைப் பறிமுதல் செய்தார். சாட்சிப்பொருள் அல்லவா, ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து வராந்தாவில் வரிசையாக அடுக்கினார். வெளியே தூறிக்கொண்டிருந்தது. சாரல் பட்ட பொடி "உஸ்ஸ்" என்றது. பூட்டு இரண்டடி பின்வாங்கினார்.

மேனேஜர் வந்தார். சம்பந்தியம்மாவும் வரவழைக்கப்பட்டார். விசாரணை தொடங்கியது.

"உண்மையைச் சொல்லுங்கம்மா. மாவு மலையில சுட்டீங்களா?"

"ஆமா சார், சுட்டேன்."

பூட்டு மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"எத்தனை நாளா நடக்குது?"

"ரெண்டு வாரமாச் சுடறேன். ஆரம்பத்துல கொஞ்சமாத்தான். கை பழகினதும் மூட்டை மூட்டையாச் சுட ஆரம்பிச்சுட்டேன்."

"யாரும் பார்க்கலையா?"

"எல்லாரும் பார்த்தாங்களே! ஒர்க்ஷாப் போர்மேன்தான் கூட நின்னு ஒத்தாசை பண்ணினார். ஒருநாள் நான் லீவு. அவரே தனியாச் சுட்டார், பாவம்."

"போர்மேனுமா!" பூட்டுக்கு மூச்சு முட்டியது. ஒரு திருடன் கேட்டவருக்கு ஒரு கூட்டமே கிடைத்துவிட்டது. "இவ்வளவு தைரியமா, எப்படிம்மா? பயமே இல்லையா?"

"பயந்தா முடியுமா சார்? எண்ணூத்தைம்பது டிகிரி. கை உறை போட்டுக்கிட்டுத்தான் கிட்ட போவேன்."

"டிகிரியா? உலையிலயா சுட்டீங்க?" என்றார் மேனேஜர். முதலில் மேனேஜரின் தோள் குலுங்கியது, அப்புறம் மேஜை குலுங்கியது. சிரித்து முடிக்க அவருக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் தேவைப்பட்டது.

பூட்டு சிரிக்கவில்லை. "உலையில சுட்டாலும் சரி, ஊர்ல சுட்டாலும் சரி சார். மாவு மலை கம்பெனி சொத்து. அதுல ஒரு துகள் கேட்டைத் தாண்டணும்னாலும் மேலிடத்து அனுமதி வேணும். விதி."

விதி என்றதும் மேனேஜரின் சிரிப்பு அணைந்தது. அவர் நல்லவர்தான், ஆனால் மேலிடம் என்றால் காய்ச்சல் வருகிற நல்லவர். "கேட்டு எழுதறேன். பதில் வர அடுத்த மாசம் ஆகும்" என்றார்.

அடுத்த மாதம் என்றால் டோக்கன் ரூம். ஹாரன்காரர் வராந்தாவைப் பார்த்தார். டப்பாக்களில் இருந்த பொடி ஈரத்தைக் குடித்து, உப்பிச் செத்துக் கிடந்தது. வெண்ணெய் திரளும்போது தாழியை உடைத்தது வேறு யாருமில்லை, தன்னுடைய தொண்டைதான். ஆயுசில் முதல்முறையாக அவர் குரல் கம்மியது. "என்னாலதான் சம்பந்தியம்மா..."

சம்பந்தியம்மா அதைக் காதில் வாங்கவில்லை. பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு துகளா இருந்தாலும் கம்பெனி சொத்தா?"

"ஒரு துகளா இருந்தாலும்!"

"வெளியில யார்கிட்ட இருந்தாலும் திருப்பிக் கொடுத்துடணுமா?"

"உடனே!"

"நல்லது." அவர் திரும்பினார். "சம்பந்தி, உங்க தொண்டை நல்லாத்தானே இருக்கு?"

ஹாரன்காரருக்கு ஒரு விநாடி ஒன்றும் விளங்கவில்லை. மறு விநாடி விளங்கியது. தூறல் விட்டிருந்தது. கேட்டுக்கு வெளியே போய், குவார்ட்டர்ஸைப் பார்த்து நின்று, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்தார். அந்த இழுப்பில் கொடியில் கிடந்த துணியெல்லாம் அவர் பக்கம் சாய்ந்ததாம்.

"மாவு மலைத் தூசி கம்பெனி சொத்தாம்! யார் வீட்டுல இருந்தாலும் உடனே கொண்டுவந்து கேட்டுல ஒப்படைக்கணுமாம்! பூட்டு சார் உத்தரவு!"

முதலில் வந்தவர் ஹாரன்காரரின் மனைவி. கையில் முறம் நிறைய வெள்ளைத் தூசி. "ஜன்னல் கட்டையில மட்டும் இவ்வளவு சார். அலமாரிக்கு மேல இருக்கறது பின்னால வருது. எண்ணிப் பார்த்து வாங்கிக்குங்க, அப்புறம் குறையுதுன்னு சொல்லக் கூடாது."

அவருக்குப் பின்னால் தெரு வந்தது. வாளியில் வந்தது, தலையணை உறையில் வந்தது. ஒருத்தர் போர்வையைக் கொண்டுவந்து பூட்டின் மேஜைமேலேயே உதறினார். கேன்டீன் மாஸ்டர் மின்விசிறி இறக்கைகளைக் கழற்றி வந்தார். அந்த வெள்ளை நாயையும் கூட்டிவந்து, தட்டிவிட்டு, கறுப்பு நாயாகத் திருப்பி அழைத்துப்போனார்கள். வருஷக்கணக்கில் வீட்டுக்குள் வந்து குடியிருந்த மலை, ஒரே சாயங்காலத்தில் பெட்டி படுக்கையோடு கிளம்பி கேட்டுக்கு வந்து சேர்ந்தது. பூட்டின் தலை, மீசை, விசில் எல்லாம் வெள்ளை. "போதும்! போதும்!" என்றார். வாயைத் திறக்கும்போதெல்லாம் கொஞ்சம் கம்பெனி சொத்து உள்ளே போனது.

மேனேஜர் வீட்டுக்குப் போகக் காரில் ஏறினார். கார் நகரவில்லை. கேட்டை அடைத்துக்கொண்டு ஒரு குட்டி மலை.

"யாராவது இதை எடுத்துட்டுப் போங்கப்பா!"

"எடுக்கலாம் சார்" என்றார் சம்பந்தியம்மா, மிகவும் பணிவாக. "ஆனா ஒரு துகளுக்கும் மேலிடத்து அனுமதி வேணுமே. அடுத்த மாசம் வரைக்கும் நீங்க நடந்தே போயிடறீங்களா?"

மேனேஜர் குவியலைப் பார்த்தார். பூட்டைப் பார்த்தார்; பூட்டு தும்மினார். மேலிடத்துக் காய்ச்சலைவிட வீட்டுப் பசி பெரிதாக இருந்திருக்க வேண்டும். காரிலிருந்து இறங்கி, ஊரே கேட்க, ஏறக்குறைய ஹாரன்காரர் அளவுக்குக் கத்தினார்:

"என் பொறுப்பு! யாரு வேணாலும், எவ்வளவு வேணாலும் சுட்டுக்குங்க!"

அவ்வளவுதானே வேண்டும். சம்பந்தியம்மா தூசியை இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. காற்று சலித்துக் கொண்டுவந்த தூசி, மலையிலிருந்து வெட்டியெடுத்ததைவிடப் பத்து மடங்கு நைசு; அரைக்கிற வேலையே மிச்சம். முடி, நூல், பஞ்சு எல்லாம் கலந்திருக்கிறதே என்று ஹாரன்காரர் கவலைப்பட்டார்.

"அந்தச் சூட்டுல முடியாவது நூலாவது சம்பந்தி! நம்ம ரெண்டு பேர் வீட்டுக் கோபதாபமே மிஞ்சாது."

சலித்து, சுட்டு, டப்பாவில் அடைத்தார்கள். இந்தமுறை டப்பாக்களுக்குக் காவலாகப் பூட்டே ஷெட்டுவரை நடந்து வந்தார். மூடிகளில் தன் சொந்தப் பூட்டுகளையும் மாட்டியிருந்தார். காற்று என்ன, காற்றின் நிழல்கூட உள்ளே போகவில்லை.

மாதக் கடைசிநாள் வந்தது. தேன் நிறத் திரவத்தால் மகாராணியின் வயிறு நிறைந்தது. மேனேஜர் முன்சீட்டில். பின்னால் குவார்ட்டர்ஸ் முழுக்க ஏறிக்கொண்டதில், பஸ்ஸுக்குள் நிற்க இடமில்லாமல் மூச்சையே முறைபோட்டுத்தான் விட்டார்கள். ஹாரன்காரர் ஸ்டியரிங்கைத் தொட்டு "அம்மா தாயே, மானத்தைக் காப்பாத்து" என்றார். சாவியைத் திருப்பினார். மகாராணி உறுமினாள்.

ஊரைத் தாண்டினால் மூச்சுவாங்கி மேடு. கம்பெனியின் சுத்தமான டீசலிலேயே மகாராணி அங்கே நின்று யோசிப்பது வழக்கம். பாதி மேட்டில் "டொக்" என்று ஒரு இருமல் இருமினாள். ஹாரன்காரரின் இதயம் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் நடுவில் எங்கேயோ விழுந்து கிடந்தது.

"ஒண்ணுமில்ல சம்பந்தி" என்றார் பின்னாலிருந்து சம்பந்தியம்மா. "டாங்கியில தங்கியிருந்த உங்க பழைய டீசல் அழுக்கு கரைஞ்சு வருது. தொண்டையைச் செருமிக்கறா. மிதிங்க!"

மிதித்தார். மகாராணி ஒரு குலுக்குக் குலுக்கி, மேட்டை மேடென்றே மதிக்காமல் ஏறினாள். பின்னால் கரும்புகையைக் காணோம். அதற்குப் பதிலாகச் சுடச்சுட உருளைக்கிழங்கு வறுக்கிற வாசனை. வழியிலிருந்த வீடுகளில் அடுப்படிக்கு ஓடிப்போய்ப் பார்த்தவர்கள் ஏராளம். உச்சியில் பஸ் நின்றபோது மேனேஜர் நாலு பேருக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்: "மதிய வண்டி ஓடட்டும். ஆனா வழியில ஒரு சாப்பாட்டுக் கடையில நிறுத்துங்கய்யா. எனக்குப் பசி உயிர் போகுது."

டோக்கன் ரூமில் இப்போது டப்பாக்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஹாரன்காரர் மட்டும் கொஞ்சம் மாறித்தான் போனார். அடுத்த வாரம் டப்பாக்களோடு கேட்டுக்கு வந்தவர், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பூட்டின் காதருகே குனிந்து ஆயுசில் முதல்முறையாகக் கிசுகிசுத்தார்.

"லேப் பவுடர் சார்."

"என்னய்யா முணுமுணுக்கற? காதுல விழல. சத்தமாச் சொல்லு."

"வேணாம் சார்..."

"சொல்லுய்யா! சுட்டதா, சுடாததா?"

அதற்குமேல் எந்த மனுஷனால் அடக்க முடியும்? "சுட்டது சார்!" என்றார் ஹாரன்காரர். மரத்திலிருந்த பறவையெல்லாம் எழும்பிப் பறந்தன.

பூட்டு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்து, கம்பத்தைத் தூக்கிவிட்டார். "சுட்டதுன்னா தாராளமாப் போகலாம். சுடாம எடுத்துட்டுப் போனாத்தான் இங்க திருட்டு."